அடியை அளக்கும் ஆறு

தமிழில் அடி என்னுஞ் சொல் பல பொருள் குறித்து நிற்பது. உடலைத் தாங்கும் பாதமும் அடி. பன்னிரண்டு அங்குலங் கொண்ட நீளமும் அடி. செய்யுளிற் சீர்கள் தொடர்ந்து நடப்பதும் அடி. ஆங்கிலேயரும் பாதத்தின் பெயரையே நீட்டலளவைக்கும் செய்யுளுறுப்பு ஒன்றுக்கும் இட்டு வழங்குவர். பண்டை உரோமரின் நீட்டலளவையும் பாதத்தின் பெயர் பெற்றதே. சாண், முழம் என்பனவும் இவ்வாறே உடலுறுப்புக்களினின்று பிறந்தவை. மனிதன் உலகை அளக்கப் புகுந்தபோது அவனிடமிருந்த முதல் அளவுகோல் அவனுடைய உடலே என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் ஒருவர் அடி மற்றொருவர் அடிக்கு ஒவ்வாது. ஆதலின், அளவையாகிய அடி காலப்போக்கில் மனிதனுடைய காலைவிட்டு நீங்கிக் கோலில் நிலைபெற்றது. ஆங்கிலம் வழங்கும் ஆறு நாடுகள் 1959ஆம் ஆண்டிற் கொண்ட உடன்பாட்டின்படி ஓர் அடி என்பது 0.3048 மீற்றர்; அதிற் கூடுதலுமில்லை, குறைவுமில்லை. அளவை இவ்வாறு திட்டம் பெற்றுவிட்டது. அதற்குப் பெயர் தந்த உறுப்போ இன்றும் ஆளுக்கு ஆள், வலத்துக்கு இடம், காலைக்கு மாலை வேறுபட்டே நிற்கின்றது. அவ்வுறுப்பைத் திருத்தமாக அளப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இது வீண் ஆராய்ச்சியன்று. பாதத்தில் நோவுடையார்க்கும், பாதத்தின் வடிவம் பிறழ்ந்தார்க்கும், நீரிழிவு முதலிய நோய்களாற் பாதத்தின் உணர்ச்சி குன்றினார்க்கும், சப்பாத்தினுள் வைத்து அணியும்படி தனித்தனியே செய்து கொடுக்கப்படும் தாங்கிகள் உள. ஆங்கிலத்தில் இவற்றை ஓதோற்றிக்ஸ் என்பர்; நேர் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. ஈண்டு இவற்றைப் பாதத்தாங்கி என்று குறிப்போம். சட்டை தைப்பவர் அணிபவரை அருகே நிறுத்திக் குறை கண்டு திருத்தலாம். பாதத்தாங்கி செய்பவரோ பல வேளைகளில் அந்தப் பாதத்தைக் கண்ணாற் காண்பதில்லை. அளவெடுப்பவர் ஒருவர், தொலைவிலுள்ள தொழிற்கூடத்தில் அதனைச் செய்பவர் வேறொருவர். கடல்கடந்து வாழும் பிள்ளைகளுக்குத் தம் பாதத்தின் அளவை எழுதியனுப்பிச் சப்பாத்தும் தாங்கியும் பெறும் முதியோரும் நம்மிடையே உளர். இத்தகைய இடங்களிற் பாதத்தின் தூதாகச் செல்வது அளவு ஒன்றே. தூது பிழைப்பின் கருமமும் பிழைக்கும்.

அளவு என்றவுடன் ஓர் எண்ணே நம் நினைவுக்கு வருகின்றது. எண் அளவின் ஒரு பாதியே. அவ்வெண் எந்நிலையில், எப்பொழுது, எதனால் எடுக்கப்பட்டது என்னுங் குறிப்பு அதன் மறுபாதி. இவ்விரண்டுஞ் சேர்ந்த வழியே பாதத்தின் அளவு பயன்படும் என்பதைக் கீழே விளக்குவோம்.

பாதத்தின் அமைப்பு

ஒரு பாதத்தில் இருபத்தாறு என்புகள் உள. பின்புறத்திற் கணுக்கால் என்புகள் ஏழு. நடுவில் அனுகணுக்காலென்புகள் ஐந்து. முன்புறத்தில் விரலென்புகள் பதினான்கு. இவை இணையங்களாலும் தசைகளாலும் கட்டுண்டு, நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் வளைவுகளாக அமைந்துள்ளன. குதியிலிருந்து விரலடிவரை உட்புறமாக ஓடும் வளைவு பெரியது. வெளிப்புற வளைவு தாழ்ந்தது. முற்பாதத்தின் குறுக்கே செல்லும் வளைவு மூன்றாவது.

கல்லாற் கட்டிய வளைவு பாரத்தின் கீழ் அசையாது நிற்கும். பாதத்தின் வளைவு அத்தன்மைத்தன்று. பாரம் ஏறியபோது அது சிறிது தாழ்ந்து, பாதம் நீண்டும் அகன்றும் விரியும். பாரம் நீங்கியபோது மீண்டும் உயரும். நடக்கும் ஒவ்வோர் அடியிலும் இது நிகழ்கின்றது. ஆதலின், இருந்து அளந்த நீளமும் நின்று அளந்த நீளமும் சில மில்லிமீற்றர் வேறுபடுதல் இயல்பே. நாள் முழுதும் நின்று தொழில் செய்தவருடைய பாதம் மாலையிற் சிறிது வீங்கியிருக்கும். வலப்பாதமும் இடப்பாதமும் ஒத்த அளவினவாக இருப்பது அரிது. மகப்பேற்றின் பின்னர்ப் பெண்கள் சிலருடைய பாதம் நீண்டு அவ்வாறே நிலைத்துவிடுவதும் உண்டு. ஐந்தாண்டுகளுக்கு முன் எடுத்த அளவு இன்றைய பாதத்தின் அளவாகாது என்பதும், ஒரு பாதத்தை அளந்து மற்றதை ஊகித்தல் தகாது என்பதும் இவற்றாற் போதரும்.

இலக்கமும் அளவும்

பாதத்தின் அளவு யாதெனக் கேட்டால் நம்மிற் பலர் சப்பாத்தின் இலக்கத்தையே கூறுவர். இலக்கம் வேறு, அளவு வேறு. மூன்று வாற்கோதுமை மணிகள் சேர்ந்தது ஓர் அங்குலம் என்பது பழைய ஆங்கில வழக்கு. அவ்வழக்கின் எச்சமாக இன்றும் ஆங்கிலச் சப்பாத்திலக்கம் ஒன்றுக்கும் அடுத்த இலக்கத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றிலொன்று, அஃதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீற்றர் ஆகும். ஐரோப்பியக் கண்டத்து இலக்கங்கள் சென்றிமீற்றரில் மூன்றிலிரண்டு, அஃதாவது ஏறத்தாழ 6.7 மில்லிமீற்றர் வேறுபாட்டில் அமைந்தன. ஆங்கில இலக்கம் எட்டும் அமெரிக்க ஆடவர் இலக்கம் எட்டும் ஒன்றல்ல. மேலும், இவ்விலக்கங்கள் குறிப்பது பாதத்தின் நீளத்தையன்று. சப்பாத்தைச் சமைக்க உதவும் பாதவடிவான கட்டையின் நீளத்தையே குறிக்கும். அக்கட்டையிற் பாதத்துக்கு எவ்வளவு இடம் விடுவதென்பது செய்பவரைப் பொறுத்தது. ஒரே இலக்கமுடைய இரு சப்பாத்துக்களில் ஒன்று இறுகுவதும் மற்றது கழல்வதும் இதனாலேயே.

இக்குழப்பத்தை நீக்கும் பொருட்டுச் சர்வதேசத் தரநிர்ணய நிறுவனம் மொண்டோபொயின்ற் என்னும் முறையை வகுத்தது. அதன்படி, பாதத்தின் நீளமும் அகலமும் மில்லிமீற்றரில் நேரே எழுதப்படும். 260/100 என்பது 260 மில்லிமீற்றர் நீளமும் 100 மில்லிமீற்றர் அகலமும் உடைய பாதம் என்று பொருள்படும். பாதத்தாங்கிக்கு எழுதும் அளவும் இவ்வாறு மில்லிமீற்றரில் அமைவதே சாலச் சிறந்தது.

நீளமும் அகலமும் மாத்திரம் போதுமோ எனின், போதா. நியூயோர்க் மாநிலத்துச் சிரக்கியூஸ் நகரைச் சேர்ந்த சாள்ஸ் பிரனொக் என்பார் 1920களில் அமைத்த உலோகக் கருவி, சப்பாத்துக் கடைகளில் இன்றும் வழங்குகின்றது. அது நீளம், அகலம் என்பவற்றோடு மூன்றாவதாக ஓர் அளவையும் எடுக்கும். குதியின் பின்னெல்லையிலிருந்து பெருவிரலின் அடிமூட்டுவரை உள்ள நீளம் அது; இதனை வளைவு நீளம் என்னலாம். இருவர் பாதங்கள் முழுநீளத்தில் ஒத்திருந்தும் ஒருவருக்கு விரல்கள் நீண்டும் மற்றவருக்குக் குறுகியும் இருத்தல் கூடும். அவ்வழி, வளைவு நீளங்கள் வேறுபடும். பாதத்தாங்கிக்கு இவ்வளவே தலையாயது. வன்மையான தாங்கியின் முன்விளிம்பு பெரும்பாலும் அனுகணுக்காலென்புகளின் தலைகளுக்குச் சற்றுப் பின்னே முடிய வேண்டும். முழுநீளத்தை மாத்திரம் அறிந்து செய்யப்பட்ட தாங்கியின் விளிம்பு, குறுகிய வளைவுடையாரின் என்புத் தலைகளின் கீழ் வந்து அமரும். அடிதோறும் அவ்விடத்தை அழுத்தும். நோய் நீங்க வைத்த பொருளே நோய்க்குக் காரணமாதல் இவ்வாறே.

கருவி புதியதாயின் அளவு திருத்தமாகும் என்று கொள்வதும் பொருந்தாது. 1920கள் தொடக்கம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக மேனாட்டுச் சப்பாத்துக் கடைகளில் எக்ஸ் கதிர்ப் பெட்டிகள் இருந்தன. சப்பாத்தணிந்த பாதத்தை அதனுள் நீட்டினால் உள்ளிருக்கும் என்புகள் திரையிலே தோன்றும். வாங்குவோர் வியந்தனர்; சிறுவர் மகிழ்ந்தனர். என்பு தெரிந்ததேயன்றி, தோலும் தசையும் நெருக்குண்பது அதிற் செவ்வனே தெரியவில்லை. கதிரின் கேடோ நன்கு தெரியவந்தது. அமெரிக்காவிற் பென்சில்வேனியா மாநிலம் 1957இல் அதனைத் தடைசெய்தது. பிற இடங்களிலும் அது மறைந்தொழிந்தது. எதனை அறிய அளக்கின்றோம் என்னும் தெளிவு கருவிக்கு முந்தியது.

பாதத்தின் மூன்று நிலைகள்

அளவெடுக்கும்போது பாதம் மூன்று நிலைகளுள் ஒன்றில் இருக்கும். படுத்தோ காலை நீட்டியோ இருக்க, பாதம் ஒன்றிலும் ஊன்றாது நிற்பது பாரமில் நிலை. கதிரையில் இருந்து பாதத்தைத் தரையில் வைப்பது அரைப்பார நிலை. எழுந்து நிற்பது முழுப்பார நிலை.

இவற்றுள் எது சரியெனின், மூன்றும் தத்தம் பயனுக்குச் சரியே. சப்பாத்தின் நீள அகலங்களுக்கு முழுப்பார நிலையே வேண்டும். நின்று நடக்கும் பாதமே சப்பாத்தினுள் இருக்கப்போகின்றது. பாதத்தின் வளைவைத் தாங்கும் தாங்கிக்கு அந்நிலை போதாது. பாரத்தாற் சரிந்துபோன வளைவை அச்செடுத்தால் சரிவே தாங்கியிலும் பதியும். கலிபோணியாவைச் சேர்ந்த பாதவைத்தியர் மேட்டன் றூட் 1950களிலும் அதனையடுத்தும் வகுத்த முறையில், பாதம் பாரமின்றி இருக்க, கணுக்காலின் கீழ்மூட்டு உள்ளும் புறமும் சாயாத நடுநிலையில் வைக்கப்பட்டு அச்செடுக்கப்படும். உணர்ச்சி குன்றிய பாதத்துக்கு மெத்தென்ற தாங்கி செய்வோர் அரைப்பார நிலையை விரும்புவதுமுண்டு. ஆகவே, எண்ணை மாத்திரம் எழுதி நிலையை எழுதாது விட்டால், செய்பவர் அதனைத் தமக்குப் பழகிய நிலையின் அளவாகவே கொள்வர். எண் பிழையாதிருந்தும் தாங்கி பிழைத்துவிடும்.

நீளமும் அகலமும் அளத்தல்

வீட்டிலோ பாடசாலையிலோ நீள அகலங்களைத் திருத்தமாக அளத்தற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. சமமான சீமெந்துத் தரையும், அடியிற் பலகையோ விளிம்போ புடைத்திராத சுவரும், தடித்த கடதாசியும், நேரான விளிம்புடைய பெட்டியொன்றும், உலோக அடிமட்டமும் போதும்.

கடதாசியைச் சுவரோடு பொருந்த விரித்து, அளக்கப்படுபவர் வெறுங்காலுடன் குதி சுவரைத் தொட நிற்க வேண்டும். இரு பாதங்களிலும் பாரம் ஒத்திருத்தல் அவசியம். பார்வை நேரே இருத்தல் வேண்டும். தம் பாதத்தைத் தாமே அளக்க முயல்வார் குனிகின்றனர். குனிந்தவுடன் பாரம் முன்னே சரிந்து பாதத்தின் வடிவும் மாறுகின்றது. ஆதலின், அளப்பவர் மற்றொருவராக இருத்தல் வேண்டும். அவர் பெட்டியைத் தரையில் நிறுத்தி, நீண்ட விரலின் நுனியை மெல்லத் தொடும்வரை நகர்த்தி, பெட்டியின் அடிவிளிம்பிற் கோடிடுக. நீண்ட விரல் எல்லார்க்கும் பெருவிரலன்று. சிலருக்கு இரண்டாம் விரலே முந்தி நிற்கும். சுவருக்கும் கோட்டுக்கும் இடையேயுள்ள தூரம் பாதத்தின் நீளமாகும். பெருவிரலின் அடிமூட்டு உட்புறமாகப் புடைத்திருக்கும் இடத்தையும் அவ்வாறே குறித்துக்கொண்டால் வளைவு நீளமும் கிடைக்கும்.

அகலத்தில் ஒரு நுட்பம் உண்டு. பெருவிரலின் அடிமூட்டும் சுண்டுவிரலின் அடிமூட்டும் பாதத்தின் நீளத்துக்குச் செங்குத்தான ஒரே கோட்டில் அமைவதில்லை. சுண்டுவிரற் பக்கம் சற்றுப் பின்னே நிற்கும். இரு மூட்டுக்களையும் சாய்வாக இணைத்து அளந்தால் ஓர் எண்ணும், பாதத்தின் இருபுறமும் பெட்டிகளை ஒன்றுக்கொன்று சமாந்தரமாக வைத்து நேரே அளந்தால் வேறோர் எண்ணும் வரும். இரண்டும் வழக்கிலுள்ளவையே, எம்முறையில் எடுத்தோம் என்பதை எழுதவேண்டும். சுற்றளவு கேட்கப்படின் நாடாவை மூட்டுக்களைச் சுற்றித் தோல் அமுங்காதவாறு பிடித்தல் வேண்டும். பழைய துணி நாடாக்கள் இழுபட்டு நீண்டிருக்கும். முதலில் உலோக அடிமட்டத்தோடு ஒப்பிட்டு நோக்குக. மர அடிமட்டங்களின் முனை தேய்ந்திருத்தலும், சிலவற்றில் பூச்சியக்கோடு முனையினின்று சற்று உள்ளே தொடங்குதலும் மாணவர் அறிந்தனவே. ஆயினும் அவசரத்தில் மறக்கப்படுவன அவையே.

ஒவ்வொரு பாதத்தையும் மும்முறை அளக்க. ஒவ்வொரு முறையும் பாதத்தை எடுத்து மீண்டும் வைத்தே அளத்தல் வேண்டும். வைத்த பாதத்தை மும்முறை பார்ப்பது ஒருமுறை அளந்ததேயாகும். மூன்று எண்களும் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வேறுபடின் நிற்கும் நிலையிற் பிழை உண்டென்று கொண்டு மீண்டும் தொடங்குக. இதனை விஞ்ஞான வகுப்பிற் பயிற்சியாகவும் செய்யலாம். மாணவர் பதின்மர் ஒரே பாதத்தைத் தனித்தனியே அளந்து, ஒருவர் எண்ணை மற்றவர் காணாது எழுதி, ஈற்றில் ஒப்பிட்டு நோக்குவாராயின், வழு என்பது யாதென நூல் கற்பிப்பதைவிடத் தெளிவாக அறிந்துகொள்வர்.

வரைகோட்டின் வழுக்கள்

கடதாசியிற் பாதத்தை வைத்துப் பென்சிலாற் சுற்றிவரைந்து அனுப்புதல் எல்லாரும் அறிந்த முறை. எளிதென்று தோன்றும் இம்முறையிலேயே வழுக்கள் மிகுதி.

பென்சிலின் தடிப்பு ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். அதன் கூர் நடுவில் இருப்பதால், பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரைந்தாலும் கோடு பாதத்துக்கு 3.5 மில்லிமீற்றர் வெளியே விழும். குதியில் 3.5, விரல் நுனியில் 3.5, ஆக 7 மில்லிமீற்றர் நீளம் கூடிவிடுகின்றது. இது மேற்கூறிய ஐரோப்பிய இலக்கம் ஒன்றைக் கடந்த வேறுபாடு. பென்சிலைச் சாய்த்துப் பிடிப்பின் வழு இன்னும் பெருகும். பாதத்தின் பக்கங்களும் குதியும் தரையோடு ஒட்டிய இடத்திலன்றிச் சற்று மேலேயே புடைத்திருக்கும். இரண்டு சென்றிமீற்றர் உயரத்திற் பாதத்தைத் தொடும் பென்சில் பத்துப் பாகை சாய்ந்தால், அதன் கூர் மேலும் 3.5 மில்லிமீற்றர் இடம்பெயரும். பென்சிலின் மேல்முனை பாதத்தின் மேற் சாய்ந்தால் கூர் வெளியே தள்ளுண்டு, இருபுறமும் சேர 14 மில்லிமீற்றர் வரை அகலம் மிகும். மேல்முனை வெளியே சாய்ந்தால் கூர் பாதத்தின் கீழ்ப் புகும். அவ்வழி இரு வழுக்களும் ஒன்றையொன்று அழித்து, தற்செயலாகச் சரியான எண்ணும் வரலாம். தற்செயலை நம்பிச் சப்பாத்துச் செய்தல் ஆகாது.

இதற்கு மாற்று, பென்சிலை நீளவாட்டிற் பிளந்து அதன் தட்டையான பக்கம் பாதத்தில் உராய வரைதல். அது கூடாதாயின், முழுப்பென்சிலால் நிமிர்த்தி வரைந்து பென்சிலின் தடிப்பையும் எழுதி அனுப்புதல். நீளத்துக்கு மேற்கூறிய சுவர் முறையையே கொண்டு, வரைகோட்டை வடிவம் அறிவதற்கு மாத்திரம் பயன்படுத்துவது அதனினும் நன்று. வரைந்த கடதாசியின் மேற்பக்கத்தில், பாதத்தை எடுக்குமுன்னரே, வலம் அல்லது இடம் என்று எழுதிவிட வேண்டும். மெல்லிய கடதாசியைப் புரட்டிப் பார்ப்பின் வலப்பாதம் இடப்பாதமாகத் தோன்றும். எண்ணை எழுதும்போது அங்குலமோ சென்றிமீற்றரோ என்பதை எழுதாது விடுதலும், கடதாசியை நகலெடுக்கும்போது பொறி அதனைச் சுருக்கிவிடுவதைக் கவனியாமையும் அடிக்கடி நேர்வன. கடதாசியிலேயே 10 சென்றிமீற்றர் நீளமுள்ள கோடொன்றை வரைந்து அளவையும் குறித்துவிட்டால், பெறுபவர் அதனை அளந்து நகலின் உண்மையைச் சோதித்துக்கொள்வர்.

சுவடும் அச்சும்

வரைகோடு பாதத்தின் எல்லையைக் காட்டும். பாதம் எங்கே ஊன்றுகின்றது என்பதைக் காட்டுவது சுவடு. கனடா நாட்டுப் படைவீரர்களின் பாதங்களை ஆராய்ந்து 1947இல் அறிக்கை வெளியிட்ட ஹரிஸ், பீத் என்னும் இருவர் பயன்படுத்திய றப்பர் விரிப்பில் வெவ்வேறு உயரமுள்ள வரம்புகள் இருந்தன. அழுத்தம் மிக்க இடத்தில் மை மிகுதியாகப் பதியும். தட்டைப்பாதம் அனைத்தும் நோயல்ல என்பதையும், மூட்டுக்கள் இளகி இயங்கும் தட்டைப்பாதம் பெரும்பாலும் தீங்கற்றது என்பதையும் அவ்வாராய்ச்சி விளக்கியது. கர்நாடகத்தில் 2300 சிறுவரின் சுவடுகளை ஆராய்ந்து 1992இல் வெளிவந்த ஆய்வொன்று, காலணி அணிந்து வளர்ந்தோரில் 8.6 வீதத்தினருக்கும், வெறுங்காலோடு வளர்ந்தோரில் 2.8 வீதத்தினருக்கும் தட்டைப்பாதம் இருந்ததாகக் கூறுகின்றது. சுவடு தட்டையாக இருப்பது ஒன்றே கொண்டு தாங்கி வேண்டுமென்று முடிவுசெய்தல் பொருந்தாது என்பது இவற்றாற் பெறப்படும்.

எல்லையையும் ஊன்றுமிடத்தையும் கடந்து பாதத்தின் முழுவடிவத்தை அறிதற்கு அச்செடுப்பர். பரிசுச்சாந்து தோய்ந்த துணியைப் பாதத்திற் சுற்றி, இறுகிய பின் கழற்றுவது ஒரு முறை. நுரைப்பெட்டியிற் பாதத்தை அழுத்துவது மற்றொரு முறை. இந்நுரை அமுங்கினால் மீண்டும் எழாது. ஆதலின், பதிந்த பிழையும் மறையாது. மறுமுறை அதே பெட்டியிற் பாதத்தை வைத்தலும் ஆகாது. கதிரையில் இருப்பவரின் முழங்காலும் கணுக்காலும் செங்கோணத்தில் அமைய, அளப்பவரே அவர் காலைப் பிடித்து, நேர்கீழாக, முதலிற் குதியையும் பின் முற்பாதத்தையும் விரல்களையும் அழுத்துதல் வேண்டும். இருப்பவர் தாமே ஊன்றினால் பாதம் உள்ளே சாயும். எழுந்து நின்றால் பெட்டியின் அடியையே தொட்டுவிடும். பரிசுச்சாந்து முறையிலோ, உதவி செய்வதாக எண்ணிப் பாதத்தைத் தூக்கிப் பிடிப்போர் பலர். அவ்வாறு தூக்கும் தசை முன்பாதத்தின் உட்பக்கத்தை உயர்த்தி அச்சைக் கெடுத்துவிடும். தசை தளர்ந்திருத்தலே வேண்டும்.

இக்காலத்தில் ஒளிக்கதிரால் பாதத்தின் வடிவைக் கணினியிற் பதியும் கருவிகள் வந்துள்ளன. அவை கண்ட வடிவத்தை நுணுக்கமாகப் பதிவனவே. பாதம் சாய்ந்திருப்பின் சாய்வையும் அதே நுணுக்கத்தோடு பதியும். நிலையை அமைக்கும் பொறுப்பு அளப்பவரிடமே உள்ளது.

பாதத்தோடு சப்பாத்தையும் அளக்கவேண்டும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. தாங்கி பாதத்துக்குப் பொருந்துவதோடு சப்பாத்தினுள்ளும் அடங்கவேண்டும். சப்பாத்தினுள் இருக்கும் மெத்தையைக் கழற்ற முடியுமாயின் அதனையே எடுத்து அனுப்புக. அல்லது அதன் வடிவத்தை வரைந்து அனுப்புக. சப்பாத்தின் குதியுயரமும், உள்ளே மேல்நோக்கி எவ்வளவு இடம் உண்டென்பதும் குறிக்கப்படல் வேண்டும். ஆழமில்லாத சப்பாத்தில் தாங்கியை வைப்பின் பாதம் மேலெழுந்து விரல்கள் தோலில் உராயும்.

உணர்ச்சியற்ற பாதம்

இதுகாறும் கூறியவற்றிற் சிறிது பிழை நேர்ந்தால் என்ன கேடு என்று ஒருவர் வினவலாம். நல்ல பாதமாயின் கேடு சிறிதே. தாங்கி அழுத்தினால் நோகும், நொந்தவுடன் கழற்றிவிடுவோம். நோவு அங்கே அளவின் பிழையைத் திருத்தும் ஆசிரியனாகின்றது. அந்நோவை உணராத பாதத்துக்கோ அந்த ஆசிரியன் இல்லை.

இவ்வுண்மையை உலகுக்கு நன்கு விளக்கியவர்களுள் ஒருவர் டொக்டர் போல் பிராண்ட். தமிழகத்துக் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914இற் பிறந்த அவர், 1946இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து தொழுநோயாளரிடையே பணிபுரிந்தார். அந்நோயாளரின் விரல்கள் தாமாகவே அழுகி விழுவதில்லை. நரம்பு கெட்டு உணர்ச்சி அற்றமையால், அவர்கள் அறியாமலே நேரும் காயமும், ஓரிடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமுமே புண்ணையும் சிதைவையும் விளைக்கின்றன என்று அவர் காட்டினார். அக்காரணத்தை ஒழிக்கும் பொருட்டு, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற றப்பராற் செருப்புச் செய்து கொடுக்கும் முறை வேலூரில் வளர்ந்தது. நோவை ஒரு நன்கொடையாகக் கருத வேண்டும் என்பதே பிலிப் யான்சி என்பாரோடு சேர்ந்து அவர் 1993இல் வெளியிட்ட நூலின் கருத்தாகும்.

தொழுநோய் இன்று அருகிவிட்டது. நீரிழிவோ நம் நாட்டிற் பெருகியுள்ளது. அதுவும் காலப்போக்கிற் பாதத்து நரம்புகளைக் கெடுக்க வல்லது. உணர்ச்சி உண்டோ என்பதை வைத்தியர் சிறு நைலோன் இழையொன்றாற் சோதிப்பர். 10 கிராம் விசையில் வளையுமாறு அமைந்த அவ்விழையைப் பாதத்திற் சில இடங்களில் தொடுவித்து, கண்ணை மூடியிருப்பவர் அதனை உணர்கின்றாரா என நோக்குவர். உணராதார் பாதம் சப்பாத்தின் சிறு மடிப்பாலும் புண்படும். புண் ஆறாது பெருகிக் காலையே இழக்கும் நிலையும் வருகின்றது.

நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசச் செயற்குழுவின் வழிகாட்டல் இதுபற்றித் திட்டமாகக் கூறுகின்றது. சப்பாத்தின் உள்நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்றிமீற்றர் கூடியிருத்தல் வேண்டும். உள்ளகலம் பாதத்தின் மிக அகன்ற இடத்தை ஒத்திருத்தல் வேண்டும். விரல்கள் அனைத்துக்கும் போதிய உயரம் இருத்தல் வேண்டும். நின்ற நிலையில், பெரும்பாலும் நாளின் பிற்பகுதியில், பொருத்தம் பார்த்தல் வேண்டும். அளக்கும் நேரத்தையும் நிலையையும் குறிக்கவேண்டுமென மேலே வற்புறுத்தியமை இங்கே ஒத்து நிற்றல் காண்க. காலையில் இருந்தபடி அளந்து வாங்கிய சப்பாத்து, மாலையில் நிற்கும் பாதத்தை நெருக்கும். உணர்ச்சி உடையவர் அதனைக் கழற்றி எறிவர். உணர்ச்சி அற்றவர் இரவு வரை அணிந்திருப்பர்.

ஆதலின், உணர்ச்சி குன்றினார் வீட்டில் எடுத்த அளவை நம்பித் தாங்கி வரவழைத்தல் தகாது. பயிற்சி பெற்றவரே அளத்தல் வேண்டும். தாங்கி கிடைத்த பின்னரும், முதல் நாட்களிற் சிறிது நேரமே அணிந்து, கழற்றியவுடன் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் கண்ணாற் பார்த்தல் வேண்டும். பார்வை மங்கியவருக்கு வீட்டிலுள்ள இளையோர் பார்த்துச் சொல்லுதல் கடன். சிவந்த இடம் ஒன்று தோன்றி மறையாது நிற்பின், அது நோவு பேசவேண்டிய இடத்தில் நிறம் பேசுகின்றது என்று கொண்டு, தாங்கியை அகற்றி வைத்தியரிடம் செல்க.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பாதத்தாங்கிக்கு அனுப்பும் தாளில் இருக்கவேண்டியவை இவை: வலம், இடம் என்னும் இரு பாதங்களுக்கும் தனித்தனியே நீளம், வளைவு நீளம், அகலம்; அவை மில்லிமீற்றரில் என்னுங் குறிப்பு; இருந்தோ நின்றோ அளந்தது; அளந்த திகதியும் நேரமும்; வெறுங்காலோ காலுறையோடோ என்பது; அணியப்போகும் சப்பாத்தின் விவரம்; உடல்நிறையும் செய்யும் தொழிலும்; நோகின்ற இடம்; உணர்ச்சி குன்றியதுண்டாயின் அதுவும். இவற்றை எழுத ஒரு பக்கமே போதும். எழுதாது விடுவதால் வருங்கேட்டுக்கு எல்லையில்லை.

அளத்தல் என்பது கணித வகுப்பில் அடிமட்டத்தோடு தொடங்கி அங்கேயே முடிவதொன்றன்று. தொலைவிலுள்ள ஒருவர், தாம் காணாத மற்றொருவரின் உடலுக்குப் பொருந்துமாறு ஒரு பொருளைச் செய்ய, இடைநின்று உண்மை கூறும் பணி அது. அப்பணியில் மாணவரைப் பழக்குதல் ஆசிரியர் கடன். வீட்டிலுள்ள முதியோரின் பாதத்தை இன்று மாலை முறையாக அளந்து எழுதிவைக்கும் மாணவன், விஞ்ஞானத்தின் முதற்பாடத்தைக் கற்பதோடு மூத்தோர்க்குச் செய்யும் தொண்டையும் செய்தவனாவான்.